குடியை நிறுத்தக் கூட்டத்துக்குப் போவது: வாசலில் நின்று கேட்கும் கேள்விகள்

பல வருடங்களாக இந்தக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்கும் குரலும் ஒன்றேதான்: பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்கிற குரல். நானும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. குடித்துக்கொண்டிருந்து நிறுத்திய ஆள், அவ்வளவுதான்.

நான் குடிநோயாளிதானா என்றே தெரியவில்லை. போகலாமா?

போகலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, உறுப்பினர் ஆவதற்கு வைத்திருக்கும் ஒரே நிபந்தனை குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்றுகூட இல்லை. யாரும் உங்களைச் சோதிக்க மாட்டார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்க மாட்டார்கள், படிவம் நீட்ட மாட்டார்கள். மற்றவர்கள் "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்வதைக் கேட்டு நீங்களும் அதைச் சொல்லியாக வேண்டும் என்று பதற வேண்டாம். பெயரை மட்டும் சொல்லலாம். அதுவும் கஷ்டமாக இருந்தால் ஒரு வணக்கத்தோடு விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் பார்த்தது: குடி தொல்லையாக இல்லாத ஆள் இந்தக் கேள்வியை ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து யோசிப்பதில்லை.

இன்றோடு நிறுத்திவிட்டு நாளைக்குக் கூட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் தினமும், அதுவும் அதிகமாக, நீண்ட காலமாகக் குடிப்பவர் என்றால் சட்டென்று நிறுத்துவது ஆபத்தானது. மன உறுதி இருப்பதும் இல்லாததும் இதில் கணக்கில் வராது. மூளை இத்தனை நாளும் மதுவின் மந்தத்தை ஈடுகட்ட ஓட்டமாக ஓடிப் பழகியிருக்கிறது. மது திடீரென்று இல்லாமல் போனால், அந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் இல்லை. கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது மூன்றாவது நாளில் சிலருக்கு இடம் காலம் தெரியாத குழப்பம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று சொல்லும் இந்த நிலை உயிரையே எடுக்கக்கூடியது.

அதனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்பதற்காகக் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வலிப்போ குழப்பமோ ஏற்கெனவே தொடங்கிவிட்டால் அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும், கூட்டத்துக்கு அல்ல. இந்த ஆபத்தைத் தவிர்க்க மருந்துகள் இருக்கின்றன, சில நாட்களில் கடந்துவிடலாம். டாக்டரைப் பார்க்கும் வரை கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று அர்த்தம் இல்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

குடித்திருக்கும்போது போனால் வெளியே அனுப்பிவிடுவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். கலாட்டா செய்யாமல் உட்கார்ந்து கேட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அன்றைக்குப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். பாட்டிலோடு வரக் கூடாது, வண்டி ஓட்டிக்கொண்டும் வரக் கூடாது. என் முதல் கூட்டத்துக்கு நான் எந்த நிலையில் போனேன் என்று கேட்காதீர்கள்.

இந்தக் கூட்டங்களை யார் தொடங்கினார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் மற்றப் பல கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க்காரர், பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர், ஒரு வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரத்துக்குப் போயிருந்தார். போன காரியம் தோற்றுப்போனது. குடியை விட்டு அவருக்கு அப்போது 5 மாதம்தான். ஓட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார், மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி. உள்ளே போய்விடுவோம் என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. அங்கே இருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினார்: "இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கும் யாராவது இருக்கிறார்களா? நான் அவரோடு பேச வேண்டும்."

அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர். மறுநாள் சந்திக்க ஒப்புக்கொண்டவர், 15 நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் வந்தார். பேச்சு 6 மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அதுவரை டாக்டர்கள், பாதிரியார்கள், வீட்டார் எல்லோரும் பாபுக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். வில்சன் புத்தி சொல்லவில்லை. தான் எப்படிக் குடித்தேன் என்பதைச் சொன்னார்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வில்சன் தொலைபேசியை எடுத்தது பாபைக் காப்பாற்ற அல்ல, அன்றைக்குத் தான் குடிக்காமல் இருக்க. இன்றைக்கும் கூட்டம் அப்படித்தான் நடக்கிறது. புதிதாக வரும் நீங்கள் அங்கே இருப்பவர்களுக்குப் பாரம் இல்லை. இருபது வருடமாகக் குடிக்காமல் இருப்பவருக்கும் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். "அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு" என்று தயங்குபவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

என் பக்கத்தில் கூட்டம் நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏஏ ஏறத்தாழ 180 நாடுகளில் இருக்கிறது. அந்தந்த நாட்டு ஏஏ அலுவலகத்தின் இணையதளத்தில் ஊர், கிழமை, நேரம் வாரியாகப் பட்டியல் இருக்கும். பல இடங்களில் உதவி எண்ணும் உண்டு. அதை எடுப்பவர் பெரும்பாலும் சம்பளக்காரர் அல்ல, குடியை விட்ட இன்னொரு உறுப்பினர். கூச்சம் பார்க்காமல் பேசுங்கள். "முதல் தடவை போகிறேன், எந்தக் கூட்டம் நல்லது?" என்று கேட்டால், சில நேரம் யாராவது வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கவும் ஏற்பாடு செய்வார்கள். மருத்துவமனைகளின் குடிநோய்ப் பிரிவு, மறுவாழ்வு மையம், மனநல மருத்துவர் ஆகியோரிடமும் பட்டியல் இருக்கும்.

பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். கூட்டங்கள் இடம் மாறும், நேரம் மாறும், சிலது நின்றே போயிருக்கும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். முழுத் தைரியத்தையும் திரட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் நேராக எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டங்கள் தேவாலய அறை, பள்ளிக்கூடம், சமூகக் கூடம் என்று வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் நடக்கும். தேவாலயத்தில் நடக்கிறது என்பதற்காக அது தேவாலயத்தின் கூட்டம் ஆகிவிடாது.

பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் எந்த நேரமும் ஒன்று நடந்துகொண்டிருக்கும் என்பதால், அகாலத்தில் தவிப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் மடிக்கணினியை மூடிவிட்டால் நீங்கள் மறுபடி தனி ஆள். முடிந்தால் நேரில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று போட்டிருக்கிறதே?

திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம்: உறவினர், நண்பர், மாணவர், சும்மா பார்க்க வந்தவர். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், அப்படி இருக்குமோ என்று நினைப்பவர்களுக்கும் மட்டும். மனைவியையோ நண்பரையோ துணைக்கு அழைத்துப் போவதென்றால் திறந்த கூட்டமாகப் பாருங்கள்.

உள்ளே என்னதான் நடக்கும்?

வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள். ஓரத்தில் காபி. ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு நடத்துபவரும் உங்களைப் போல ஒருவர்தான், முறை வைத்து மாறுவார்கள். தொடக்கத்தில் சில வரிகள் வாசிப்பார்கள். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்து வைத்திருக்கும் பன்னிரண்டு படிகளையும் பல கூட்டங்களில் வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள், இதற்குப் 'பகிர்தல்' என்று பெயர். சில கூட்டங்களில் ஒரே ஆள் தன் கதையை முழுவதும் சொல்வார், சிலவற்றில் ஒரு படியை எடுத்துக்கொண்டு பேசுவார்கள்.

புதியவர்களுக்கு வித்தியாசமாகப் படுவது, ஒருவர் பேசி முடித்ததும் யாரும் பதில் சொல்லாதது. "நீ இப்படிச் செய்திருக்கலாமே" என்று ஒரு வார்த்தை வராது. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். முதலில் எனக்கு இது மரியாதை இல்லாதது போலத் தோன்றியது. நானே உடைந்து பேசிய நாளில்தான், யாரும் இடையில் புகுந்து சரிசெய்யப் பார்க்காதது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரிந்தது.

இன்னொன்று, சிரிப்பு. தன் வாழ்க்கையின் மிகக் கேவலமான நாளை ஒருவர் சொல்வார், அறையே சிரிக்கும், சொல்பவரும் சிரிப்பார். கேலி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் அதே பாட்டிலை அதே அலமாரிக்குப் பின்னால் ஒளித்தவர்கள்.

குடிக்காமல் ஒரு மாதம், ஒரு வருடம் என்று கடந்தவர்களுக்கு நாணயம் போன்ற ஒரு வில்லை கொடுத்துக் கைதட்டும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. 24 மணி நேரம் கடந்தவருக்குத்தான் பெரும்பாலும் அதிகக் கைதட்டல்.

நான் பேசியே ஆக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்று சொன்னால் போதும். மாதக்கணக்கில் இதை மட்டுமே சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால்?

அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இங்கே பார்த்தது, கேட்டது இங்கேயே இருக்கட்டும் என்பது எல்லாக் கூட்டத்திலும் உள்ள வழக்கம். பலர் முதல் பெயரை மட்டுமே சொல்வார்கள், ஊரும் வேலையும் கேட்பதில்லை. பெரும்பாலானவர்கள் இதை உயிராகக் காப்பார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இது வழக்கமே ஒழிய, வக்கீலுக்கும் டாக்டருக்கும் இருப்பது போன்ற சட்டக் கடமை இல்லை. நீதிமன்ற வழக்கு, வேலையைப் பறிக்கக்கூடிய ரகசியம், இதையெல்லாம் பொதுவில் பகிராமல் ஆலோசகரிடமோ வக்கீலிடமோ சொல்லுங்கள். குடியைப் பற்றிப் பேச அந்த விவரங்கள் தேவையே இல்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. எனக்கு ஒத்துவருமா?

கடவுள் என்ற சொல் பன்னிரண்டு படிகளில் வருகிறது, மறைக்க முடியாது. பல கூட்டங்கள் பிரார்த்தனையோடு முடியும். 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்று ஒரு வால் சேர்த்திருப்பதால், அந்தக் கூட்டத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டும் நாத்திகர்கள் ஏராளம். நானும் அந்த ரகம்தான். பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்பேன், இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஏஏவுக்குள்ளேயே மதச் சார்பற்ற குழுக்களும் இருக்கின்றன.

அது பிடிக்கவில்லையா, வேறு வழிகளும் உண்டு. 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் முறைகளை வைத்து நடப்பது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவருக்கொருவர் பதில் சொல்லியும் பேசலாம், கடவுள் பேச்சு இல்லை. லைஃப்ரிங் என்பதும் மதச் சார்பற்றதே. 1975-இல் ஜீன் கர்க்பேட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சோபிரைட்டி பெண்களுக்கானது. இவற்றின் கூட்டங்கள் ஏஏ அளவுக்கு எல்லா ஊரிலும் இருக்காது, ஆனால் இணையவழியில் கிடைக்கும்.

எவ்வளவு செலவாகும்?

ஏஏவில் கட்டணம் கிடையாது. வாடகைக்கும் காபிக்கும் ஒரு தட்டோ பையோ சுற்றி வரும். விரும்பினால் போடலாம். முதல் தடவை வந்தவர் போட வேண்டாம் என்று பல இடங்களில் அவர்களே சொல்லிவிடுவார்கள். வெளியிலிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏவின் கொள்கை. ஏஏ பெயரைச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்பான்சர் என்கிறார்களே, யார் அது?

உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவர். படிகளை எப்படிச் செய்வது என்று கூட இருந்து காட்டுபவர், குடிக்கத் தோன்றும்போது போன் செய்ய ஓர் ஆள். யாரும் உங்களுக்கு நியமிக்க மாட்டார்கள். நான்கைந்து கூட்டம் போய், யார் பேசுவது உங்களுக்குள் எதையோ தொடுகிறது என்று பார்த்து, நீங்களே போய்க் கேட்க வேண்டும். ஒத்துவரவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்பான்சர் முதலாளியும் அல்ல, டாக்டரும் அல்ல. காசு கேட்பவர், வீட்டு விவகாரங்களில் தீர்ப்புச் சொல்பவர் ஸ்பான்சரே இல்லை.

நான் மருந்து சாப்பிடுகிறேன். கூட்டத்தில் ஒருவர் "அதுவும் போதைதான், விட்டுவிடு" என்றார்.

விடாதீர்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் போன்றவை குடிநோய்க்கென்றே உள்ள மருந்துகள். மனச்சோர்வுக்கும் மற்ற மனநோய்களுக்கும் எழுதிக்கொடுத்ததை உங்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்துவது விபரீதத்தில் முடியும். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏஏவே எழுதி வைத்திருக்கிறது. அப்படிச் சொல்பவர் தன் கருத்தைச் சொல்கிறார், அமைப்பின் கருத்தை அல்ல. துரதிர்ஷ்டவசமாக ஒவ்வொரு அறையிலும் இப்படி ஒருவர் இருப்பார், சத்தமாகவும் பேசுவார்.

நான் பெண். ஆண்கள் நிறைந்த அறைக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது.

நியாயமான தயக்கம்தான். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் பல இடங்களில் உண்டு, இணையத்தில் இன்னும் அதிகம். பொதுக் கூட்டத்துக்குப் போனால் முதலில் அங்கே இருக்கும் பெண்களிடம் பேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள். பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் ஸ்பான்சராக இருப்பதுதான் பொதுவான வழக்கம்.

உறுப்பினர்கள் தங்களுக்குள் 'பதின்மூன்றாம் படி' என்று ஒன்றைச் சொல்வார்கள். படிகள் பன்னிரண்டுதான். புதிதாக வந்து நொந்துபோயிருக்கும் ஒருவரை, பழைய ஆள் காதல் என்றோ உதவி என்றோ சொல்லி வளைக்கப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பெயர். சிரித்துச் சொல்கிறார்கள், சிரிக்கிற விஷயம் இல்லை. தனியாகச் சந்திக்கலாம், வண்டியில் கொண்டு விடுகிறேன் என்று வற்புறுத்தினால் மறுத்துவிட்டு நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையென்றால் அந்தக் கூட்டத்தை மாற்றுங்கள், எல்லை மீறினால் காவல்துறை இருக்கிறது.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் 27 ஆய்வுகள், மொத்தம் 10,565 பேர் இடம்பெற்றார்கள். நோயாளிகளை ஏஏவோடு இணைத்துவிடும் முறையான திட்டங்கள், மற்ற சிகிச்சைகளைவிட அதிகம் பேரைத் தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைத்தன என்றும், மற்ற அளவுகோல்களில் அவற்றுக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தன என்றும் கண்டார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

எத்தனை கூட்டம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்?

"90 நாளில் 90 கூட்டம்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது விதி அல்ல, ஆலோசனை. முடிந்தவர்களுக்கு நல்லது. வேலை, குழந்தைகள் என்று இருப்பவர் அதைக் கேட்டு மிரண்டு ஓடிவிடக் கூடாது. குறைந்தது ஆறு கூட்டம், அதுவும் மூன்று வெவ்வேறு குழுக்களில் என்பது என் கணக்கு. ஒரு கூட்டம் இன்னொன்றைப் போல இருக்காது. நான் முதலில் போன இடத்தில் ஒரே ஆள் நாற்பது நிமிடம் பேசினார். இதுதான் ஏஏ என்றால் எனக்கு வேண்டாம் என்று கிளம்பி வந்தவன், ஒன்றரை வருடம் கழித்துத்தான் வேறொரு அறைக்குள் நுழைந்தேன். அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

டாக்டர் பாப் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. வில்சனோடு அந்த 6 மணி நேரம் பேசிய பிறகு அவர் குடிப்பதை நிறுத்தினார். சில வாரங்களில் மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்த அவரை வில்சன் தேற்றி நிற்க வைத்தார். 1935 ஜூன் 10 அவருடைய கடைசிக் குடி. 1950-இல் இறக்கும் வரை தொடவில்லை. ஏஏ தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டிருப்பது எதைத் தெரியுமா? அந்த ஜூன் 10-ஐத்தான், சறுக்கி எழுந்த நாளை.

அதனால் அதே முகத்தோடு போங்கள். "மறுபடி குடித்துவிட்டேன்" என்று சொன்னால் அறையில் பாதித் தலைகள் ஆடும். சறுக்கல் சில நாட்களுக்கு மேல் நீண்டிருந்தால் முன்னால் சொன்ன ஆபத்துகள் மறுபடி பொருந்தும். திரும்பத் திரும்ப நிறுத்தித் தொடங்குபவர்களுக்கு நடுக்கமும் வலிப்பும் முன்பைவிடக் கடுமையாக வரக்கூடும். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

குடிப்பது நான் இல்லை, என் வீட்டில் ஒருவர். எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு உறுப்பினரின் மனைவியும் சேர்ந்து 1951-இல் அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் உரியது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 1957-இலிருந்து அலட்டீன் இருக்கிறது. அவரை எப்படி நிறுத்த வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்கள் எப்படி மூச்சுவிடுவது என்பதுதான் அங்கே பேச்சு. அவர் கூட்டத்துக்குப் போக மறுத்தாலும் நீங்கள் போகலாம். வீட்டில் அடி உதை இருந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் முதலில் பாதுகாப்பான இடம் பாருங்கள்.

முதல் நாள் என்ன கொண்டு போக வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு கதவைத் திறந்தால் எல்லாத் தலையும் திரும்பும், அது இன்னும் கஷ்டம். முன்னதாகப் போனால் யாராவது ஒருவர் மடக்கு நாற்காலிகளை விரித்துக்கொண்டிருப்பார். என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்க வேண்டாம், அவரிடம் போய் "நானும் போடவா?" என்று கேளுங்கள். பெயரைக்கூடக் கேட்காமல் நாலு நாற்காலியை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.